கோத்தகிரி வழியாகவே போகலாம்

போகும்போது கோத்தகிரி வழியாகவே போகலாம். குன்னூர் வழி வேண்டாம், அதில் பஸ்ஸும் லாரியும் முட்டிக்கொண்டு நிற்கும், கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு எவனாவது காரை ஓரங்கட்டிக் குரங்குக்குப் பழம் நீட்டிக்கொண்டிருப்பான், அவருக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் கத்துகிற மனிதராக இருந்தாலாவது பரவாயில்லை, வாயை இறுக்க மூடிக்கொள்வார், அப்புறம் ஊட்டி போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை வராது. பேசுவதற்காகத்தானே இந்தப் பயணமே. கோத்தகிரி வழியில் மேட்டுப்பாளையம் தாண்டியதும் கூட்டம் குறைந்துவிடும், குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் இ-பாஸைக் காட்டிவிட்டால் அப்புறம் மரமும் மலையும்தான், கண்ணாடியை ஏற்றிவிட்டு நான் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம், நடுவில் கியர். எங்கே ஓடுவார்? வீட்டில் என்றால் நான் வாயைத் திறந்ததும் பால்கனிக்குப் போய்விடலாம், குளிக்கப் போய்விடலாம், போன் வந்த மாதிரி எழுந்து போய்விடலாம். மலைப்பாதையில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு எங்கேயும் போக முடியாது. மொச்சைக்காய் உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் பச்சைப் பிசுக்கு. இரண்டு பேருக்கு இவ்வளவு காய் எதற்கு வாங்கினேன் என்று தெரியவில்லை, சந்தையில் அந்த அம்மா அழகாகக் கூறு கட்டி வைத்திருந்தார், பையைப் பிரித்துக் காட்டிவிட்டேன். இந்த வீட்டில் என்றைக்கும் இரண்டு பேர்தான், இருந்தும் என் கை இன்னும் நாலு பேருக்குச் சேர்த்தே அளக்கிறது. ஹாலில் அவர் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பிறகு சோபாவில் தூங்குகிறார், போன் நெஞ்சின் மேல் குப்புறக் கிடக்கிறது, மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குகிறது. பம்புசெட் கம்பெனியில் விற்பனை மேலாளர். வாரத்தில் பாதி நாள் திருச்சி கிளையில், மீதிப் பாதி இங்கே கோயம்புத்தூரில் என்னோடு. என்னோடு என்பதைவிட இந்தச் சோபாவோடு என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

உறைபனியை நான் பார்த்ததே இல்லை. இதைச் சொன்னால் என் வகுப்புப் பிள்ளைகள் சிரிப்பார்கள். இத்தனை வருடமாகப் புவியியல் எடுக்கிறேன், பழுப்புச் சாக்கட்டியால் எத்தனையோ மலைகளைப் போர்டில் வளர்த்து மணி அடித்ததும் அழித்திருக்கிறேன், உறைபனி எப்படி உண்டாகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். காற்று அசையக் கூடாது, வானம் தெளிவாக இருக்க வேண்டும், பகலில் வாங்கிய சூட்டையெல்லாம் தரை ராத்திரியில் மேலே விட்டுவிடும், மேகம் இருந்தால் கம்பளி மாதிரி அந்தச் சூட்டை மூடி வைக்கும், மேகம் இல்லாவிட்டால் தரை விறைத்துப்போகும். கம்பளி இல்லாமல் படுத்தவன் நிலைமைதான் கண்ணுகளா என்பேன், பின்பெஞ்சில் யாராவது பல்லைக் கிட்டித்து நடுங்குகிற மாதிரி நடிப்பான், வகுப்பே சிரிக்கும். கோயம்புத்தூரிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் அந்த மலை தெரிகிறது. பள்ளிக்கூட மொட்டை மாடியிலிருந்து தினமும் தெரிகிறது. கோடையில் போயிருக்கிறோம், மழையில் போயிருக்கிறோம், இந்தக் குளிரில் மட்டும் போகவில்லை, அரையாண்டுத் தேர்வுத் தாள், திருமணம், காய்ச்சல் என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்துவிடும். இந்த வருடம் தாளெல்லாம் திருத்தி முடித்துவிட்டேன். கோத்தகிரியில் ஒரு தங்கும் வீடு பார்த்து வைத்திருக்கிறேன், தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில், ஓட்டு வீடு, ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு. போனில் பேசிய பெண், ஹீட்டர் இருக்குங்கக்கா, விறகு அடுப்பும் மூட்டித் தரோம், எத்தனை பேருங்க என்றாள். ரெண்டு பேர் என்றேன். சொல்லும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டேன், என்னவோ கல்யாணமான புதுசில் பேசுகிற மாதிரி. விடிவதற்குள் கிளம்பினால் ஊட்டிக்கு அப்பால் தலைகுந்தாவில் புல்வெளி முழுக்க வெள்ளையாகக் கிடக்குமாம், வெயில் தொட்டதும் போய்விடுமாம். அவருக்கும் எனக்குமாக ஒரே பிளாஸ்கில் காபி எடுத்துக்கொண்டு, பிளாஸ்டிக் பாட்டில் மேலே விடமாட்டார்கள் என்பதால் எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, அந்தப் புல்லின் ஓரத்தில் காரை நிறுத்தி, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தால்கூடப் போதும். இல்லை, போதாது. பேச வேண்டும்.

அவர் வர மாட்டேன் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, அதுதான் வேடிக்கை. பார்க்கலாம் என்பார். பார்க்கலாம் என்பது இந்த வீட்டில் கதவைச் சாத்துகிற சத்தம். முதலில் பிரேக் சரியில்லை என்றார். நான் காரை எடுத்துக்கொண்டு கணபதியில் மெக்கானிக் அமீர் பாயிடம் போனேன், அவர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது என்றார், இருந்தும் பேடை மாற்றச் சொன்னேன், கூலன்ட் ஊற்றச் சொன்னேன், டயரைச் சுற்றி மாற்றச் சொன்னேன், இனி இமயமலைக்கே போலாம்க்கா என்று சாவியைக் கொடுத்தார். அப்புறம் லீவு கிடைக்காது என்றார். அந்த வாரம் கம்பெனியில் சரக்குக் கணக்கெடுப்பு, விற்பனைக்காரர்களுக்கு வேலையே இல்லை என்று அவர் வாயாலேயே போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டிருந்தேன். பிறகு மண்சரிவு. செய்தியிலேயே சொன்னார்கள், மழை விட்டு ஒரு வாரம் ஆயிற்று, பாதை திறந்தாயிற்று. பிறகு காது அடைக்கும் என்றார். காது அடைத்தால் எச்சிலை விழுங்குங்கள், நாற்பதைத் தாண்டிய மனுஷனுக்கு இதையும் நான்தான் சொல்லித்தர வேண்டுமா என்று சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. கடைசியில் முட்டி வலி. முட்டி வலிக்காரர் லிப்ட் பழுதான அன்று நாலு மாடியும் தடதடவென்று ஏறி வந்தார், பின்னால் நான்தான் ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினேன். சரி, வண்டியை நான் ஓட்டுகிறேன் என்றேன். எனக்கு மலையில் ஓட்டிப் பழக்கமில்லை, இறங்கும்போது எந்த கியரில் ஏறினோமோ அதே கியர் என்று படித்ததுதான், வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும், ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும், பயம்தான், ஆனாலும் ஓட்டுகிறேன், நீங்கள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து வாருங்கள் என்றேன். அதற்கு அவர், நீயும் உன் தங்கச்சியும் போயிட்டு வாங்களேன் என்றார். அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. ஓட்டவும் வேண்டாம், நடக்கவும் வேண்டாம், உட்கார்ந்தால் போதும் என்று ஆன பிறகும் ஒருவர் வர மாட்டேன் என்றால் அப்புறம் மிச்சமிருக்கிற காரணம் பக்கத்தில் இருக்கிற ஆள்தான்.

என்னை அவருக்குச் சலித்துவிட்டது. இப்படி நேராகச் சொல்லிக்கொண்டால் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருக்கிறது. யாருக்குத்தான் சலிக்காது, எனக்கே என்னைச் சலிக்கிறது, பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வைக்கிற இடம், செருப்பைக் கழற்றுகிற விதம், சாப்பிடும்போது ஒரே பக்கத்துப் பல்லால் மெல்லுவது. அந்தக் குப்புறக் கிடக்கிற போன். ஒரு வருடத்துக்கு முன்பு அது மல்லாந்து கிடந்தது, யார் கூப்பிட்டாலும் எடுக்கிறாயா கோகிலா என்பார். அதை நான் யோசிக்காமல் இல்லை, யோசித்து யோசித்து, ஈயை விரட்டுவது போல விரட்டிவிட்டேன், திருச்சியில் இரவு வேலை, டீலர்கள் கூப்பிடுவார்கள், போன் எப்படிக் கிடந்தால் என்ன. பால்காரரும் பேப்பர்காரரும் என்னிடம் பேசுகிற அளவுகூட அவர் பேசுவதில்லை, இதற்கு ஒரு பெண் காரணமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமா, வயசு காரணமாக இருக்கலாம், சர்க்கரை காரணமாக இருக்கலாம். ஆனால் மலை. மலையை அவருக்குப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்ப முடியுமா? உடுமலைப்பேட்டைக்காரர், திருமூர்த்தி என்று மலையின் பெயரையே சுமந்துகொண்டிருப்பவர். கல்யாணமான வருடம் சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார், திடீரென்று, கண்ணு, கெளம்பு என்பார், கை கழுவிய ஈரத்தோடு வால்பாறைக்கு வண்டியை விடுவோம், ஆழியாறு தாண்டி முதல் வளைவு வந்ததும் பாட ஆரம்பிப்பார், பாட்டு என்றால் பாட்டில்லை, சுருதியும் கிடையாது தாளமும் கிடையாது, எருமை கத்துகிற மாதிரி, நான் முதுகில் அடித்துக்கொண்டே சிரிப்பேன். ஒவ்வொரு கிருத்திகைக்கும் மருதமலை. மழையோ வெயிலோ தவறாது, விடியற்காலையில் படி ஏறிப் போய்விட்டு விபூதியோடு வந்து என்னை எழுப்புவார். அந்த மனுஷனா? மொச்சைக்குள் ஒரு புழு, பச்சையாக, காயின் நிறத்திலேயே. தனியாக எடுத்துத் தோலோடு போட்டேன்.

வேறு எங்காவது போகலாம் என்று அவரும் சொன்னார், நியாயத்துக்கு அதையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூர் போகலாம் என்றார். கும்பகோணம் போகலாம், சிதம்பரம் போகலாம், நீ பார்த்ததில்லையே, ரூம் நான் போடறேன் என்று ஆர்வமாகக்கூடச் சொன்னார், அந்த ஆர்வத்தில் நான் ஒரு நிமிடம் மயங்கிவிட்டேன், என்னோடு போக அவருக்கு ஆசை இருக்கிறது. அப்படியானால் மைசூர் போகலாம் என்றேன். ஐயோ, திம்பம் ஏறணுமே, வேண்டாம் என்றார். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது, காயை நடுவில் கீறி, ஒவ்வொரு பருப்பாகத் தள்ளிக்கொண்டே, என் கெட்ட பழக்கம், எந்த ஊர் பெயரைக் கேட்டாலும் சுவரில் தொங்கும் வரைபடத்தில் அதை வைத்துப் பார்ப்பது, தஞ்சாவூர் பச்சை, கும்பகோணம் பச்சை, சிதம்பரம் பச்சை. சமவெளி பச்சை, மேட்டு நிலம் மஞ்சள், மலை பழுப்பு, ஆறாம் வகுப்புப் பாடம். அவர் சொன்ன ஊரெல்லாம் பச்சை. பழுப்பு வந்த இடமெல்லாம் வேண்டாம். என்னோடு வருவதில் அவருக்கு ஒன்றும் தடை இல்லை, அவருக்கு ஆகாதது மலை. மலைதான். சந்தோஷமாகக்கூட இருந்தது, அட, நானில்லை, மலைதான் காரணம், ஒரு பருப்பு தரையில் விழுந்து உருண்டது, அதை எடுக்கக் குனிந்தவள் குனிந்தபடியே இருந்துவிட்டேன். மேல்வீட்டு ரங்கநாயகி அக்கா போன கிருத்திகைக்கு அடுத்த நாள் லிப்டில் சொன்னது. உங்க வீட்டுக்காரர் மருதமலை அடிவாரத்துலயே நின்னு கும்பிட்டுட்டுத் திரும்பிட்டாரே, உடம்பு ஏதாச்சும் சரியில்லையா? ஆமாம், முட்டி வலி என்று நானும் தலையாட்டினேன். ஒருத்தர் எப்போது மலை ஏற மாட்டார்? வீட்டில் சாவு விழுந்தால் வருடம் திரும்பும்வரை ஏற மாட்டார்கள். இந்த வருடம் எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை. அவருடைய பங்காளிகளில் யாரும் சாகவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. நான் தரையிலிருந்து எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தேன், பருப்பைக் கிண்ணத்தில் போட்டேன், இன்னொரு காயை எடுத்தேன். பெண்டாட்டி மாசமாக இருந்தால் புருஷன் மலை ஏறக் கூடாது.

இல்லை, இருக்காது, என்ன பைத்தியக்கார மனசு, ஒரு முட்டி வலியிலிருந்து எங்கே போய் நிற்கிறது பார். ஆனால் அத்தை சொன்ன அந்த வரிசை, என் மாமியார், அவர் உயிரோடிருந்தபோது விரலை மடக்கி மடக்கிச் சொன்னது, மலை ஏறக் கூடாது, பாடை தூக்கக் கூடாது, தேங்காய் உடைக்கக் கூடாது, முடி எடுக்கக் கூடாது, பொறக்கற கொழந்தைக்கு ஆகாது. இந்த ஆயுத பூஜைக்கு இவர் காருக்கு முன்னால் நின்றுகொண்டு வாட்ச்மேனைக் கூப்பிட்டு, நீயே ஒடைப்பா என்று தேங்காயை அவர் கையில் கொடுத்தார். பெரிய மனசு என்று நான் நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த நண்பரின் அப்பா போனபோது எல்லாரும் தோள் கொடுக்க இவர் மட்டும் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார், தோள்பட்டை பிடித்துக்கொண்டது என்றார். தாடி. எல்லாவற்றுக்கும் மேலே அந்தத் தாடி, ஆடியில் ஆரம்பித்தது, நரைத்த தாடி, எனக்குப் பிடிக்கவில்லை, சாமியார் மாதிரி இருக்கிறது, எடுங்கள் என்று எத்தனை தடவை சொன்னேன், எனக்கு இதுதான் சௌகரியம் என்றார், தலைமுடியும் காதை மூடிக்கொண்டு. மனுஷன் எவ்வளவு கெட்டிக்காரர். போனைக் குப்புற வைத்தார், திருச்சியில் எங்கே தங்குகிறார் என்று ஒரு துண்டுச் சீட்டு வீட்டுக்கு வந்ததில்லை, சட்டையில் ஒரு மணம், ஒரு முடி ஒட்டி வந்ததில்லை. என்னை ஏமாற்றுவது அவருக்கு ஒன்றும் சிரமமாக இல்லை. மலையை ஏமாற்ற மட்டும் பயம். பயந்த இடத்தில் மாட்டிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, நிஜமாகவே வந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன், பச்சை வாசனை, ஹாலில் அவர் புரண்டு படுத்தார்.

எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். கல்யாணமாகி மூன்றாவது வருடம் அது. ஆபீஸ் நண்பர்களெல்லாம் கொடைக்கானல் கிளம்பினார்கள், அத்தை வாசலை மறித்துக்கொண்டு நின்றார், போவாதடா, வாயும் வயிறுமா இருக்கா என்று, இவர் சிரித்தார், நானும் சேர்ந்து சிரித்தேன், கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரத்துக்குப் போனால் என் வயிற்றுக்கு ஆகாதுங்க அத்தை, சொல்லுங்கள், போர்டில் கோடு போடுகிறேன் என்றேன். போய்விட்டு வரும்போது கம்பளிக் குல்லா வாங்கி வந்தார். கைக்குள் அடங்குகிற மாதிரி, மஞ்சள் நிறம், உச்சியில் ஒரு பொம்மைப் பந்து. அதை என் வயிற்றின் மேல் வைத்து, பொருந்துதா பாரு என்றார். அந்த வாரமே உதிரம் கண்டது. டாக்டரம்மா கர்ப்பப்பை வாய் பலவீனம் என்றார், இதற்கும் எதற்கும் சம்பந்தமில்லை என்றார். அவர் வார்டுக்கு வெளியே நடையில் நின்றுகொண்டிருந்தார், முகம் பழைய துணி மாதிரி ஆகியிருந்தது, நான் ஏறினதாலயா கோகிலா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். இல்லைங்க என்றேன். படுத்துக்கொண்டு, வற்றிய வயிற்றோடு, நான்தான் அவருக்குச் சமாதானம் சொன்னேன், மலைக்கும் இதுக்கும் ஒண்ணுமில்லைங்க, நான் படிச்சவ சொல்றேன். நம்பிவிட்டார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அதற்குப் பிறகுதான் மருதமலைக்குக் கிருத்திகை கிருத்திகையாக ஏற ஆரம்பித்தார், எனக்கு வேறு ஒன்றும் தங்கவில்லை, அந்தக் குல்லா எங்கே போயிற்று என்று தெரியாது, நான் தேடவில்லை. என் குழந்தை இருந்தபோது ஏறினார். யாருடைய குழந்தைக்காகவோ இப்போது ஏறாமல் இருக்கிறார். முடியை வளர்த்துக்கொண்டு, தேங்காயைத் தொடாமல், அடிவாரத்தில் நின்று அண்ணாந்து கும்பிட்டுக்கொண்டு, அந்த ஐந்து மாதத்தில் எனக்குச் செய்யாததையெல்லாம் ஒன்று விடாமல் செய்துகொண்டிருக்கிறார். துரோகம் என்று சொன்னால் ஊருக்குப் புரியும், எனக்கு வலிக்கிற இடம் அதுகூட இல்லை. பொறாமைதான். அந்தப் பெண் மேலே இல்லை, முகம் தெரியாதவள் மேலே என்ன பொறாமை, அந்தத் தாடியின் மேலே. எனக்காக ஒரு நாள் சவரம் செய்யாமல் இருந்ததில்லை இவர். அழவேண்டும் போல் இருக்கிறது, கண்ணில் கை வைக்க முடியாது, விரலெல்லாம் பிசுக்கு.

எழுந்துவிட்டார். சோபா கிறீச்சிட்டது, போனை நிமிர்த்திப் பார்த்தார், திரும்பக் கவிழ்த்தார், காபி போடறியா என்று கேட்டது காதில் விழுந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், பால் காய்ச்சினேன், டிகாஷன் இறங்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பக்கத்து அபார்ட்மெண்டில் யாரோ கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் எப்போதும் போலத்தான், சர்க்கரை அரை ஸ்பூன். எனக்குள் ஒரு பிசாசு உட்கார்ந்திருந்தது, அதை மறைக்க மாட்டேன். மலை இப்போது என் கையில் இருந்தது. விடாமல் பிடித்தால் அவர் வருவார், சொல்லிச் சொல்லிக் காரணமெல்லாம் தீர்ந்துவிட்டது, இனி வராமலிருந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும், சொல்கிற தைரியம் இருந்தால் என்றைக்கோ சொல்லியிருப்பார். காரில் ஏற்றி உட்கார வைத்து, முதல் வளைவிலிருந்து கடைசி வளைவுவரை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம். எனக்குத்தான் அதில் நம்பிக்கையே கிடையாதே, ஒன்றும் ஆகாது, மலைக்கும் வயிற்றுக்கும் ஒன்றுமில்லை, நான் படித்தவள். டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

“ஏனுங்க, புதன்கிழமை காலைல கெளம்பிரலாமுங்களா? வண்டி ரெடி, ரூம் சொல்லியாச்சு, பாஸும் எடுத்தாச்சு.”

அவர் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை தானாகத் தாடிக்குப் போனது, திரும்ப வந்தது, டம்ளரைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது.

“சரி கண்ணு,” என்றார். “போலாம். நீ இவ்வளவு ஆசப்பட்டுட்ட.”

கண்ணு என்று சொல்லி எவ்வளவு நாளாயிற்று. நான் கேட்டது கிடைத்துவிட்டது, இரண்டு நாள், கண்ணாடி ஏற்றிய கார், பக்கத்தில் அவர். முகத்தைப் பார்த்தேன். வார்டுக்கு வெளியே நடையில் நின்ற அதே முகம், தாடிக்குள்ளிருந்து. அன்றைக்குக் குழந்தை போன பிறகு வந்த முகம், இன்றைக்கு முன்கூட்டியே வந்து நிற்கிறது. எங்கேயோ திருச்சியில் ஒரு வீட்டில், இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒருத்தி இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருப்பாள், உள்ளே உதைத்தால் கையை வைத்துப் பார்ப்பாள், அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஐந்து மாதம்வரை எனக்குத் தெரியும், வயிற்றுக்குள் ஒரு மீன் திரும்பிப் படுப்பது மாதிரி, அதற்கு மேல் எப்படி இருக்கும் என்று தெரியாது. ஒன்றும் ஆகாது என்று படித்த எனக்குத் தெரிந்திருந்தும், என் கை அடிவயிற்றின் மேல் போய் உட்கார்ந்திருந்தது.

“வேண்டாமுங்க,” என்றேன். “நீங்க மலை ஏற வேண்டாம்.”

அவர் நிமிர்ந்தார். நான் முந்தானையால் மேஜையின் ஈரத்தைத் துடைத்தேன், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன். கோபமாகக் கேட்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன், ஆனால் பக்கத்து வீட்டுப் பெண்ணை லிப்டில் பார்த்து விசாரிக்கிற குரல்தான் வந்தது.

“எத்தனை மாசமுங்க?”

பொய் தேடுவார் என்று நினைத்தேன். மறுப்பார், எழுந்து பால்கனிக்குப் போவார், காலில்கூட விழுவார் என்று நினைத்தேன். இதை யாராவது ஒருவர் கேட்க மாட்டார்களா என்று இத்தனை நாளும் ஏங்கிக் கிடந்த மாதிரி, கொஞ்சமும் தயங்காமல் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

“எட்டு பொறந்திருக்கு.”

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. முகம் வெளிறிப்போனது. ஆனால் அதற்குள் அந்தக் குரலிலிருந்த சந்தோஷத்தை நான் கேட்டுவிட்டேன்.